பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிவது: வீடியோ கேம் ஆடுகிறவர்களிடையே களப்பணி

வீடியோ கேம் ஆடுகிறவர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆன்லைனில் சர்வே போட்டால் ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கில் பதில் வந்துவிடுகிறது. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதெல்லாம் சர்வரிலேயே பதிவாகிறது. அவர்கள் பேசிக்கொள்வதும் எழுத்தாகவே கிடைக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது நேரில் போய் மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க என்ன அவசியம்? அப்படியே போனாலும் எனக்கும் நன்றாக ஆடத் தெரிய வேண்டுமா? எத்தனை பேர், எத்தனை நாள் போதும்?

மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், நீளமாகத்தான் போகும். கேமிங் சென்டர்களிலும் வீடுகளிலும் மாணவர் விடுதி அறைகளிலும் சில வருடங்கள் இதே வேலையாகத் திரிந்தவன் நான். அதில் செய்த தப்புகளும் இடையிடையே வரும்.

முதலில் அந்தச் சர்வர் பதிவு. ஒரு கணக்கு இரவு ஒன்பது மணிக்கு உள்ளே வந்தது, பதினொன்றரைக்கு வெளியே போனது, நடுவில் ஆறு ஆட்டம், அதில் நாலு தோல்வி. பதிவு சொல்வது இவ்வளவுதான். அந்த இரண்டரை மணி நேரமும் நான் அதே அறையில் இருந்தேன். கணக்கு அண்ணனுடையது. முதல் ஆட்டத்தை அவன்தான் ஆடினான். இரண்டாவதன் நடுவில் போன் வந்தது, கன்ட்ரோலரைத் தம்பி மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். தம்பி தோற்றான், அடுத்ததிலும் தோற்றான். பின்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரு நண்பன். அவன் கன்ட்ரோலரைத் தொடவில்லை, ஆனால் எந்தப் பக்கம் போவது, எப்போது ஒளிவது, யாரை முதலில் சுடுவது என்று சொல்லிக்கொண்டே இருந்தான், தம்பியும் அப்படியே செய்தான். கடைசி ஆட்டத்தில் நிலைமை மோசமானபோது யாரும் கேட்காமலே கன்ட்ரோலர் அந்த நண்பன் கைக்குப் போனது, நெருக்கடி தீர்ந்ததும் தம்பியிடமே திரும்பி வந்தது. இப்போது சொல்லுங்கள், ஆடியது யார்? பதிவைக் கேட்டால் ஒரே ஆள், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் சரியில்லை. சர்வே அனுப்பினால் பதில் எழுதப்போவது அண்ணன். மற்ற இரண்டு பேரும் உங்கள் ஆய்வில் இருக்கவே மாட்டார்கள்.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு புதிர் எங்கே இருக்கிறது என்று எண்களைப்போல் துல்லியமாக வேறு எதுவும் காட்டாது. எவர்குவெஸ்ட் 2 என்ற ஆன்லைன் கேமை ஆடியவர்கள் சுமார் 7,000 பேரை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் ஒரு வசதி, ஒருவர் தன் வாயால் சொன்ன மணிக்கணக்கையும் சர்வரில் பதிவான மணிக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. சராசரியில் ஆண்களும் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள், பெண்களும் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆண்கள் குறைத்தது வாரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம், பெண்கள் குறைத்தது சுமார் மூன்று மணி நேரம். உண்மையில் அதிக நேரம் ஆடியதும் பெண்கள்தான். சரி, ஏன் அப்படி? கூச்சமா, மறதியா, ‘ஆடுவது’ என்று அவர்கள் கணக்கில் எடுப்பதே வேறா? பதிவிலிருந்து அதைப் பிடிக்க முடியாது. நான் வீடுகளில் பார்த்ததை வைத்து எனக்கு ஒரு யூகம் உண்டு (அந்த ஆய்வு சொன்னதல்ல, என் யூகம்தான்). சிலருக்கு ஆடும் நேரம் என்று தனியாக ஒரு நேரமே கிடையாது. இரண்டு வேலைக்கு நடுவில் இருபது நிமிடம், எல்லாரும் தூங்கின பிறகு ஒரு முக்கால் மணி, யாராவது அறைக்குள் வந்தால் உடனே வேறு ஜன்னலுக்கு மாற்றிவிடுவது, இப்படித் துண்டு துண்டாக ஆடுகிறவரிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் எதையெல்லாம் கூட்டுவார்?

நேரில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, திரையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரையில் நடந்ததை ரெக்கார்டிங்கில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அறையைப் பாருங்கள். எந்த நாற்காலி யாருடையது, அந்த நாற்காலியில் புதிதாக ஒருவன் உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கிறது, யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், யாருடைய ஹெட்செட் ஒரு காதில் மட்டும் இருக்கிறது. அந்த ஒற்றைக் காது ஹெட்செட்டை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. ஒரு காது அணியில் இருக்கிறவர்களுக்கு, இன்னொரு காது அறைக்கு, அல்லது அடுத்த அறையிலிருந்து கூப்பிடப்போகும் வீட்டுக்காரர்களுக்கு. யார் இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஆட முடிகிறது, யாரால் முடியவில்லை என்று ஒரு மாதம் குறித்துவைத்தேன். அந்த வீடுகளில் யாருடைய நேரம் யாருக்குச் சொந்தம் என்பது அதிலேயே கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஆர்கேடு (காசு போட்டு ஆடும் கேம் இயந்திரங்கள் இருக்கும் கூடம்) காலத்தில் அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது 1991-இல், அந்த மாதிரி சண்டை கேம்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அடுத்த ஆட்டம் என்னுடையது என்று சொல்ல, திரைக்குக் கீழே விளிம்பில் ஒரு நாணயத்தை வைப்பார்கள். நாணயங்கள் வரிசையாக இருக்கும், அந்த வரிசைதான் க்யூ. இது கேமில் எழுதப்பட்ட விதி கிடையாது, இயந்திரத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஆனால் இதை மீறினால் அங்கே நிற்க முடியாது. கேமின் விதிகளை எவ்வளவு கரைத்துக் குடித்தாலும் இந்த விதி அதில் அகப்படாது. தைவானில் ஹோலின் லின், சுவென்-சாய் சுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆர்கேடுகளில் ஆடாமல் சும்மா நின்று பார்க்கிறவர்களையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு களத்துக்குப் போன முதல் வாரமே, ஆடுகிறவன் ஒவ்வொரு நல்ல அடிக்கும் பின்னால் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது.

இன்னொரு உதாரணம், லேக், அதாவது இணையம் மெதுவாகி ஆட்டம் தடங்குவது. ‘லேக் ஆகுதுடா, அதான் செத்துட்டேன்’ என்பதை நீங்கள் சாட்டில் ஆயிரம் முறை பார்க்கலாம். எழுத்தை மட்டும் வைத்து ஆய்வு செய்கிறவர் இதை இணைய வசதியின் குறைபாடு பற்றிய புகாராக எடுத்துக்கொள்வார், அதில் ஓர் அத்தியாயம்கூட எழுதிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் திரையின் மூலையில் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) 38 மில்லிநொடி என்று பச்சையில் ஒளிர்வது தெரியும், இணையத்தில் ஒரு குறையும் இல்லை. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் நண்பன் ‘ஆமாண்டா, இன்னைக்கு எனக்கும் லேக்தான்’ என்கிறான். அங்கே லேக் என்பது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை, அதை ஒருவன் நீட்டும்போது மற்றவன் மறுக்காமல் விடுவது நட்பு. இதில் சுவாரசியம் எங்கே என்றால், எல்லாருக்கும் இந்தச் சலுகை கிடைப்பதில்லை. புதிதாக வந்தவன் லேக் என்றால் உடனே ‘பிங்கைக் காட்டு பார்ப்போம்’ என்பார்கள். யார் லேக் சொல்லலாம், யார் சொல்லக் கூடாது என்று ஓர் அட்டவணை போட்டால், அந்தக் குழுவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது வந்துவிடும்.

இப்போது என் பெரிய தப்பு. ஆரம்பத்தில் வீடியோ எடுத்தால் எல்லாரும் விறைத்துப்போவார்கள் என்று பயந்து, குரலை மட்டும் பதிவு செய்தேன். நாற்பது மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தது. பெருமையாக உட்கார்ந்து எழுத்தாக்கத் தொடங்கினேன். ‘இங்க வா.’ ‘அங்க இல்ல, இங்க.’ ‘ரெண்டு பேர், மேல.’ ‘இவனை விடாத.’ ‘அதை எடு, அதில்ல, அது.’ பக்கம் பக்கமாக இப்படியே. எந்த இங்கே, எந்த அவன், எந்த அது? தலை சுற்றிவிட்டது. விளையாடும்போது பேச்சில் பாதி சுட்டுச்சொல்தான், அது சுட்டும் பொருள் திரையில் இருக்கிறது, சில சமயம் விரலால் காட்டுகிறார்கள், சில சமயம் தலையை மட்டும் அசைக்கிறார்கள். அந்த நாற்பது மணி நேரத்தில் எனக்குப் பயன்பட்டது மிகக் கொஞ்சம். அப்புறம்தான் திரைக்கு ஒரு பதிவு, முகங்களுக்கும் கைகளுக்கும் ஒரு கேமரா என்று இரண்டாக வைத்தேன், தொடக்கத்தில் ஒருமுறை கையைத் தட்டினால் பிறகு அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம். கேமராவுக்குப் பயப்படுவார்கள் என்று நினைத்தேனே, இருபது நிமிடத்தில் மறந்துவிட்டார்கள். ஆட்டம் சூடு பிடித்தால் கேமரா என்ன, வீட்டுக்கு யார் வந்தாலும் தெரியாது.

பேச்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ கேமுக்குப் பக்கத்து உறவான மேசை ரோல்பிளே விளையாட்டுகளை (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது) ஆடுகிறவர்களிடம் கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் களப்பணி செய்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்னது, ஆடுகிறவர் ஒரே நேரத்தில் மூன்று தளத்தில் இருக்கிறார்: சாதாரண மனிதராக, விதிகளுக்கு உட்பட்ட ஆட்டக்காரராக, கதைக்குள் இருக்கும் பாத்திரமாக. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நொடியில் தாவுகிறார். நாற்பது வருடம் பழைய கருத்து, இன்றைக்கும் எனக்கு இதைவிடக் கைகொடுத்த கருவி வேறில்லை. ‘நான் செத்துட்டேன், நீ போய்க் கதவைத் திற’ என்று ஒருவன் சொன்னால் செத்தது பாத்திரம், கதவு எந்தக் கதவு? கேமில் இருக்கும் கதவா, அறைக் கதவை யாரோ தட்டுகிறார்களா? அங்கே இருக்கிறவர்கள் யாரும் குழம்புவதில்லை. எதை வைத்து அவர்கள் குழம்பாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நம் வேலை. குரல் ஏறுகிறதா, கழுத்து திரும்புகிறதா, ‘நான்’ எப்போது ‘இவன்’ ஆகிறது. தன் பாத்திரம் நன்றாக அடித்தால் ‘நான் அடிச்சேன்’, சொதப்பினால் ‘இவன் திரும்பவே மாட்டேங்கிறான்’ என்பதைக் கேட்டுப் பாருங்கள், ஒரு முழு மாலைக்கு வேலை இருக்கிறது.

உள்ளே நுழைவது எப்படி என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. மானுடவியல் படித்தவர்களுக்கு கிளிஃபர்ட் கீர்ட்ஸ் கதை தெரிந்திருக்கும். 1958-இல் அவரும் மனைவியும் பாலித் தீவில் ஒரு கிராமத்துக்குப் போனார்கள், யாரும் அவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. சேவல் சண்டை நடந்த இடத்துக்குப் போலீஸ் வந்தபோது இவர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தலைதெறிக்க ஓடினார்கள். மறுநாளிலிருந்து ஊரே அவர்களிடம் பேசியது. நமக்கு அப்படி ஒரு ரெய்டு வாய்க்காது, வாய்க்காமல் இருப்பதே நல்லது. எனக்கு நடந்தது இது. முதல் இரண்டு வாரம் அந்தக் கேமிங் சென்டரே கோயில் மாதிரி இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, தோற்றால் புன்னகை, ஜெயித்தால் கைகுலுக்கல். நானும் ‘இளைஞர்கள் கண்ணியமாக ஆடுகிறார்கள்’ என்று குறிப்பெடுத்தேன், இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினான், திட்டிவிட்டு என்னைப் பார்த்தான், நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, அவன் தொடர்ந்து திட்டினான். களப்பணி அன்றைக்குத்தான் தொடங்கியது. அதற்கு முன் எடுத்த குறிப்பை எல்லாம் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், வெளியாள் ஒருவன் இருக்கும்போது அவர்கள் எப்படித் தெரிய விரும்புகிறார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

சரி, இரண்டாவது கேள்வி. நன்றாக ஆடத் தெரிய வேண்டுமா? திரையைப் படிக்கத் தெரிய வேண்டும், அது கட்டாயம். இப்போது நடந்தது நல்ல நகர்வா அசட்டுத்தனமா, இந்த அமைதி பயத்தினாலா திட்டத்தினாலா என்று புரியாவிட்டால் நீங்கள் பார்ப்பது வெறும் வண்ணப் பொட்டுகள். அதற்கு மேல் திறமை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நல்லது. ஆட வராதவனுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கும்போதுதான் ஒருவன் தன் கைக்குப் பழகிப்போன விஷயத்தை வாய் திறந்து சொல்கிறான். ஆனால் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடிக்க வேண்டாம், இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆள் குறைகிறது என்று ஒருநாள் என்னை ரேங்க் ஆட்டத்தில் (ஜெயித்தால் தரவரிசை ஏறும், தோற்றால் இறங்கும்) சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரே பெருமை. மூன்று ஆட்டமும் என்னால் தோற்றது, என்னைச் சேர்த்து ஐந்து பேருக்கும் ரேங்க் இறங்கியது. அதை மீட்க அவர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது, அந்த ஒரு வாரமும் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரேங்க் என்றால் அவர்களுக்கு என்ன என்று எந்தப் பேட்டியிலும் புரியாதது அப்போது புரிந்தது உண்மைதான், ஆனால் அதற்காக அவர்களுடைய உழைப்பைச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை. சாதாரண ஆட்டத்தில் சேருங்கள், ரேங்க் ஆட்டத்தில் பின்னால் நில்லுங்கள்.

ஆடிப் பார்ப்பதும் நேரில் போய் உட்காருவதும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. டி.எல். டெய்லர் என்ற ஆய்வாளர் எவர்குவெஸ்டுக்குள் ஆட்டக்காரராக இருந்தே ஆய்வு செய்தார், அதன் ரசிகர்கள் நேரில் கூடும் நிகழ்வுக்கும் போனார். 2006-இல் வந்த அவர் நூலில் இரண்டும் இருக்கிறது. போனி நார்டி என்ற ஆய்வாளர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் குழுவோடு சேர்ந்து ஆடினார், சீனாவுக்குப் போய் இணைய மையங்களில் ஆடுகிறவர்களையும் பார்த்தார். ஒரே கேம், இரண்டு வகையான அறை. வீட்டில் தனியாக ஆடுகிற ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கேம் மனிதர்களைத் தனிமைப்படுத்துகிறது என்று எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பது தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடும் இடத்துக்குப் போனால் தெரியும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. கேமிங் சென்டருக்கு மட்டும் போனால் பெண்கள் அதிகம் ஆடுவதில்லை என்று எழுதிவிடுவீர்கள். அங்கே அவர்கள் குறைவாக இருப்பது ஒரு கண்டுபிடிப்பு, அவர்கள் ஆடுவதில்லை என்பது தப்பு, இரண்டும் வேறு. வீடுகளுக்குப் போனால் மைக்கை அணைத்துவைத்துக்கொண்டு, ஆண் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஆடுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களுடைய அணியில் இருப்பவர்களுக்கே அது தெரியாது, பக்கத்தில் உட்காரும் உங்களுக்குத்தான் தெரியும். ஹெலன் தார்னம் என்ற ஆய்வாளர் சேர்ந்து ஆடும் வீடுகளையே களமாக எடுத்துக்கொண்டு 2011-இல் ஒரு நூல் எழுதினார். ஹாலில் யார் கன்ட்ரோலரை வைத்திருக்கிறார், யார் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குகிறார் என்பதெல்லாம் சாதாரணமாகத் தெரிந்தாலும் சாதாரணமில்லை என்பது அதைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

மொபைல் கேம் என்றால் இன்னும் சிக்கல், அதற்கு இடமே கிடையாது. பயணத்தில் ஆடுவார்கள், படுக்கையில் ஆடுவார்கள், கழிப்பறையில் ஆடுவார்கள். அங்கெல்லாம் நீங்கள் போக முடியாது, போகவும் வேண்டாம். அதற்கு இடத்தை விட்டுவிட்டு ஆளைத் தொடர வேண்டும், சம்மதிக்கிற நாலைந்து பேரோடு முழு நாள்களைக் கழித்து எந்த இடைவெளியில் போன் கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். களைப்பான வேலை.

நேரில் போகக் கூடாத ஆய்வும் உண்டு. டாம் போல்ஸ்டார்ஃப் என்ற மானுடவியலாளர் 2004 முதல் 2007 வரை செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே களப்பணி செய்தார், அங்கிருந்தவர்களை வெளியே தேடிப் போகவில்லை. அந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் அந்த உலகத்துக்குள்தான் அறிந்திருக்கிறார்கள், அவர்களுக்கே இல்லாத ஓர் அணுகலை ஆய்வாளர் எடுத்துக்கொண்டால் அந்தப் பண்பாட்டை அதன் வழியில் புரிந்துகொள்வதாக ஆகாது என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. உங்கள் கேள்வி ஒரு மெய்நிகர் ஊரைப் பற்றியதாக இருந்தால் அங்கேயே இருங்கள். ஆடுகிறவர்களைப் பற்றியதாக இருந்தால் அவர்கள் இருக்கிற அறைக்குப் போங்கள். பெரும்பாலான மாணவர்கள் கேள்வி இரண்டாவது வகையாக இருக்கும், முறை மட்டும் முதல் வகையாக இருக்கும், காரணம் கேட்டால் வசதி என்பார்கள்.

சம்மதம் வாங்குவதைப் பற்றி உங்கள் நெறிக் குழு படிவம் தரும், அதை நிரப்புங்கள். ஆனால் படிவத்தில் வராத மூன்று விஷயம். கேமிங் சென்டரின் உரிமையாளர் சரி என்றால் அங்கே வருகிற எல்லாரும் சரி என்றதாகாது. ஆள்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லத்தான் வேண்டும், அலுத்தாலும். இரண்டாவது, நிஜப் பெயரை மாற்றிவிட்டு கேம் பெயரை அப்படியே போடுகிறார்கள், இது பெரிய தவறு. பலருக்கு நிஜப் பெயரைவிடக் கேம் பெயரில்தான் மரியாதையும் பகையும் இருக்கிறது, தேடினால் ஒரு நிமிடத்தில் ஆள் கிடைத்துவிடுவார். கணக்கைக் கைமாற்றி ஆடுவது பல கேம்களின் விதிப்படி தடைக்குரியது. நீங்கள் எழுதுவதால் ஒருவருடைய பல வருடக் கணக்கு முடக்கப்படலாம் என்பதை மறக்கக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம், பெற்றோர். சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் விருப்பமும் வேண்டும். பெற்றோர் சம்மதித்து உள்ளே விட்ட பிறகு, வாசலில் செருப்பு போடும்போது மெதுவாகக் கேட்பார்கள், ‘எவ்வளவு நேரம்தான் ஆடுறான்? நீங்க படிச்சவங்க, கொஞ்சம் சொல்லக் கூடாதா?’ அங்கே நீங்கள் வாய் திறந்தால் ஒற்றர். முதல் நாளே, பையன் பக்கத்தில் இருக்கும்போதே, இங்கே பார்ப்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன், யாருக்காவது ஆபத்து என்று தோன்றினால் மட்டும் பேசுவேன் என்று சொல்லிவையுங்கள். பிறகு வாசலில் நிற்கும்போது அந்த வாக்கியம் காப்பாற்றும்.

குறிப்பெடுப்பதில் நமக்கு ஒரு வசதி. வேறு களங்களில் நோட்டைத் திறந்தால் எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கும், இங்கே போனில் எதையோ தட்டிக்கொண்டிருப்பவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதனாலேயே அது ஒளிந்து எழுதுவதாக மாறிவிடும், அவ்வப்போது ‘இதை எழுதிக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. அங்கே எடுப்பது துணுக்குகள்தான், அன்றைக்கு இரவே உட்கார்ந்து விரித்து எழுத வேண்டும். இரண்டு மணி நேரம் பார்த்தால் எனக்கு எழுத நான்கு மணி நேரம் ஆகும். தூங்கி எழுந்து எழுதலாம் என்று விட்ட நாள்களில் எல்லாம் எனக்கு மிஞ்சியது, யார் ஜெயித்தார்கள் என்பது மட்டும். அறையின் படத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை.

பேட்டியைக் கடைசிக்கு வையுங்கள். எடுத்த எடுப்பிலேயே ‘ஏன் ஆடுறீங்க’ என்று கேட்டால் ‘பொழுதுபோக்கு’ என்பார்கள், அதோடு முடிந்தது. அவர்கள் ஆடிய ஆட்டத்தின் ரீப்ளேயையே போட்டு, ஓர் இடத்தில் நிறுத்தி, இந்த நேரத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு அருவியாகக் கொட்டும். பல கேம்களில் ரீப்ளே வசதி உள்ளேயே இருக்கிறது, கேட்டால் அவர்களே போட்டுக் காட்டுவார்கள், அதில் ஒரு சந்தோஷமும் அவர்களுக்கு உண்டு.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எத்தனை பேர்? பதினைந்து பேரைப் பார்த்துவிட்டு ‘கேமர்கள் இப்படி’ என்று எழுதினால் மதிப்பீட்டாளர் கிழித்துவிடுவார், கிழிக்கத்தான் வேண்டும். அந்தப் பதினைந்து பேரிடமிருந்து நீங்கள் சொல்ல முடிவது, ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்பது. லேக் என்ற வார்த்தை எப்படி வேலை செய்கிறது, கன்ட்ரோலர் யார் கைக்கு எப்போது போகிறது. எத்தனை சதவீதம் பேர் அப்படி என்பது வேறு கேள்வி, அதற்கு சர்வே இருக்கிறது, உங்கள் களப்பணி அந்த சர்வேயில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும். எத்தனை நாள் என்றால், எனக்கு ஒரு சொந்தச் சோதனை உண்டு. ஆட்டம் நெருக்கடியாகும்போது அடுத்து கன்ட்ரோலர் யாரிடம் போகும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சரியாக வந்துகொண்டே இருந்தால், அப்புறம் தப்பிப்போகிற ஒன்றிரண்டுக்காக மட்டும் கொஞ்ச நாள் இருப்பேன். அதற்கு நடுவில் கேமுக்குப் பெரிய அப்டேட் வந்துவிட்டால் பழைய கணிப்புகள் எல்லாம் உதிர்ந்துவிடும், நேற்றுவரை ராஜாவாக இருந்தவன் இன்றைக்குக் கற்றுக்குட்டி ஆகிவிடுவான். எனவே ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள் என்பதோடு கேமின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். நான் முதல் வருடம் எழுதவில்லை, எந்தக் குறிப்பு எந்த அப்டேட்டுக்கு முன், எது பின் என்று பிரிக்க இரண்டு வாரம் போனது.

எழுதி முடித்ததும் வரைவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள். மேலே சொன்ன அந்த அறைக்கு நான் போனேன். தம்பி தன்னைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு, ‘நான் எங்க தோத்தேன்? அவன் தப்பு தப்பா வழி சொன்னான்’ என்றான். அதுவும் சரிதான் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு நண்பனிடம் காட்டினேன். நண்பன் கட்டிலிலிருந்து எழுந்துகொள்ளவே இல்லை. ‘அன்னைக்கு லேக்’ என்றான்.